கிழக்கு வரிசைக்கு மட்டும் எண்ணெய்

சண்முகவள்ளியைப் பற்றி அவள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் மூக்கைப் பொத்துவார்கள். அப்புறம்தான் பதில் வரும். "யாரு, பன்னிப் பண்ணைக்குப் போகுதே, அதா?" என்பார்கள். வேலை முடிந்ததும் பண்ணைக் குழாயடியிலேயே குளித்து, சீயக்காய் போட்டுத் தலையை அலசி, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் அவள் பஸ் ஏறுவாள். என்ன செய்து என்ன? டவுன் பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாகவே ஊர் வந்து சேரும். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாலும் வருவார்கள், அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். போங்கடா, எனக்கு இடம் தாராளமாகக் கிடைக்கிறது என்று அவளும் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரப் பழகிவிட்டாள். ஒன்பது வருஷப் பழக்கம் அது.

பண்ணை தாடிக்கொம்பு தாண்டி, மக்காச்சோளக் காட்டுக்கும் முருங்கைத் தோட்டத்துக்கும் நடுவே இருந்தது. மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் எல்லாம் செய்கிற ஒரு கம்பெனி, பன்றித் தீவனமும் செய்து பார்ப்போம் என்று அந்தச் சின்னப் பண்ணையை வைத்திருந்தது. எல்லாம் வெள்ளைப் பன்றி. மேனேஜர் பிராங்க்ளின். வேலைக்கு இரண்டே ஆள்: சண்முகவள்ளி, தங்கமுத்து. அவள் ஒன்பது வருஷம், அவன் மூன்று வருஷம். இரண்டு பேருமே தினக்கூலி. ஒரு நாள் வரவில்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. கம்பெனி ஏட்டில் பன்றிக்குக்கூடக் காதில் நம்பர் போட்ட வில்லை உண்டு, இவர்களுக்கு ஒன்றும் கிடையாது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பொருள்தான். ஈ.எஸ்.ஐ. கார்டு.

அவள் புருஷன் சோலைமுத்து ஸ்பின்னிங் மில்லில் இருபத்திரண்டு வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவன். நெஞ்சு கெட்டுப்போனதும் மில்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். நின்றதும் அவனுடைய கார்டும் போயிற்று. நெஞ்சைக் கெடுத்த இடம் கார்டையும் பிடுங்கிக்கொண்டது, நல்ல நியாயம்! இப்போது மருந்துக்கடையில்தான் எல்லாம் வாங்க வேண்டியிருந்தது. வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தை டாக்டர் காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவன் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று உறிஞ்சுவான். கேட்டால், "போதும்ளா, நல்லாத்தேன் இருக்கு" என்பான். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். சண்முகவள்ளி பெயரில் ஒரு கார்டு இருந்தால் அவனை மதுரை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காசில்லாமல் முழுசாகப் பார்த்துவிடலாம். பண்ணையில் நிரந்தரமானால் கார்டு தானாக வரும். அதற்காகத்தான் ஒன்பது வருஷமாக மூக்கைப் பொத்தாமல் இருந்தாள்.

அந்த வருஷம் பங்குனி கடைசியில் மணிமேகலை வந்தாள். கால்நடை டாக்டருக்குப் படித்துவிட்டு, அதற்கு மேலும் தீவனத்தைப் பற்றியே படித்தவள். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். திண்டுக்கல்லில் வீடு எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து போனாள். நல்ல பெண்தான். சண்முகவள்ளியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கொண்டுவந்த பிஸ்கட்டில் பாதியைக் கொடுப்பாள். ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்வது மட்டும் அவளுக்கு வராது.

ஒரே வயதில் இருபத்துநாலு குட்டிகளைப் பொறுக்கி, ஆறு ஆறாக நான்கு கொட்டடியில் விட்டார்கள். கிழக்கு வரிசையில் இரண்டு கொட்டடி, மேற்கு வரிசையில் இரண்டு. கிழக்கு தங்கமுத்துவின் பொறுப்பு, மேற்கு சண்முகவள்ளியின் பொறுப்பு. நான்குக்கும் ஒரே மக்காச்சோளம், ஒரே சோயாப் புண்ணாக்கு, ஒரே தவிடு. கிழக்குக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் தவிட்டு எண்ணெய் அளந்து ஊற்றிப் பிசைய வேண்டும். தொண்ணூறு நாள் இப்படி.

"ஏம்மா, இதுகளுக்கு மட்டும் எதுக்கு எண்ணெ?" என்று முதல் நாளே சண்முகவள்ளி கேட்டாள்.

"அது ஒரு டெஸ்ட்டுக்கா" என்றாள் மணிமேகலை. அதற்குள் போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

அவ்வளவுதான் விளக்கம். விஷயம் என்னவோ சின்னதுதான். பன்றிக்கு வேர்க்காது. வெயில் காலத்தில், தின்றதைச் செரிக்கும்போது வருகிற சூட்டையே அதனால் தாங்க முடியாது, அதனால் தீனியைக் குறைத்துக்கொள்ளும், வளர்த்தியும் நின்றுபோகும். எண்ணெயில் சத்து மக்காச்சோளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், செரிக்கும்போது சூடும் குறைச்சல். கொஞ்சம் தின்றாலும் உடம்பில் ஒட்டும். சித்திரை வெயிலில் எண்ணெய் தின்றதும் தின்னாததும் எவ்வளவு வித்தியாசமாக வளர்கின்றன, அந்த வித்தியாசம் எண்ணெய்ச் செலவுக்குக் கட்டுமா என்று பார்ப்பதுதான் வேலை. வித்தியாசம்தான் முக்கியம். மெலிந்தது மெலிந்தபடியே இருந்தால்தான் கொழுத்ததற்கு மதிப்பு. இதைச் சண்முகவள்ளிக்குச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகுமா? சொல்லவில்லையே பாவிகள்! கையால் பிசைகிறவளுக்கு எதற்குக் காரணம் என்று விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றையும் வசதிக்காகக் கோட்டைவிட்டார்கள். சண்முகவள்ளி முதல் டவுன் பஸ்ஸில் ஆறு மணிக்கே வந்துவிடுவாள். தங்கமுத்து வர எட்டாகும். அதனால் நான்கு கொட்டடித் தீவனத்தையும் அவளே பிசைந்து, நான்கு அன்னக்கூடையில் போட்டு வைத்துவிடுவாள். அவன் வந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுவான். மணிமேகலை முன்னால் நின்று கலக்க வேண்டும் என்று கம்பெனி கொடுத்த டெஸ்ட் தாளில் இருந்தது. அவள் வாரத்துக்கு இரண்டு நாள் வருவாள். வருகிற அன்று ஏழு நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள்.

பதினைந்தாம் நாள் எடை போட்டார்கள். சாக்கைக் கட்டித் தூக்கி, கத்தக் கத்தக் குட்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்தார்கள். கிழக்குக் குட்டிகள் தலைக்கு இரண்டு கிலோ அதிகம் இருந்தன. ரோமம் பளபளவென்று இருந்தது, பின்தொடை உருண்டிருந்தது. மேற்குக் குட்டிகள் வெயிலுக்கு வாயைப் பிளந்துகொண்டு ஈரத் தரையில் படுத்துக் கிடந்தன. தொட்டியில் பாதித் தீவனம் அப்படியே இருந்தது.

அன்றைக்கென்று ஹெட் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் காரில் வந்து இறங்கியிருந்தார்கள். கிழக்கு வரிசையைப் பார்த்ததும் அவர்களுக்கு வாயெல்லாம் பல்.

"இந்தப் பக்கம் யாருப்பா பாக்குறது?"

"நாந்தேன் சார்" என்று தங்கமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"கைராசிக்காரன்யா நீ!" என்று ஒருவர் தோளில் தட்டினார்.

மேற்கு வரிசைக்கு வந்ததும் முகம் சுருங்கியது. "இது யாரு?"

பிராங்க்ளின் சிரித்தான். "இந்தக்கா பாக்குது சார். வீட்ல புருசனுக்கே சரியா சோறு போடாது போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மணிமேகலையும் லாப்டாப்பைப் பார்த்தபடியே லேசாகச் சிரித்தாள்.

சண்முகவள்ளிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புருஷனுக்குச் சோறா? எந்தப் புருஷன், எந்தச் சோறு என்று இந்த நாய்க்கு என்ன தெரியும்? கார் போகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, நேரே போய்க் கேட்டாள்.

"சார், அதுகளுக்கு எண்ணெ ஊத்துறோம். இதுகளுக்கு இல்ல. அத அவுகள்ட்டச் சொல்லலாம்ல?"

"எண்ணெ ஊத்துனா மட்டும் ஆச்சா? கையும் வேணும்லக்கா" என்றான் பிராங்க்ளின். டீயை உறிஞ்சிக்கொண்டே தங்கமுத்துவையும் கூப்பிட்டான். "ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. தொண்ணூறு நாளு முடிஞ்சதும் நெரந்தரம் பண்றதா ஆபீஸ்ல பேச்சு இருக்கு. யாரு வரிசை நல்லா வளருதோ, அவங்களுக்குத்தேன் மொதக் கார்டு."

அவனுக்கு அது தமாஷ். சொல்லிவிட்டு அடுத்த நிமிஷமே மறந்துவிட்டான். கேட்டவளால் மறக்க முடியுமா? பஸ்ஸில் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பரீட்சை என்றால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே சோறு போட்டுவிட்டு வைக்க வேண்டும். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைத்துவிட்டு, எந்தக் கண்ணுக்குப் பார்வை நல்லாயிருக்கு என்று கேட்கிறார்களே, இது என்ன வழக்கு?

பண்ணைக்கு வருவதற்கு முன்னால் அவள் கல்யாணச் சமையல்காரர்களோடு பரிமாறப் போனவள். பந்தியில் பெரிய மனுஷன் இலைக்கு இரண்டு கரண்டி நெய்யும், கடைசி இலைக்குக் காலிக் கரண்டியும் காட்டினால் தலைமைச் சமையல்காரி எல்லார் முன்னாலும் கையில் அடிப்பாள். "இல போட்டாச்சுன்னா எல்லாம் ஒரே சாதி" என்பாள். சண்முகவள்ளிக்குப் பள்ளிக்கூடம் என்று வாய்த்தது அதுதான்.

மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு அவள் எண்ணெயை அளந்தாள். ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பூராவையும் மேற்குக்கே ஊற்றிவிடலாம் என்று மனம் சொல்லாமல் இல்லை. ஆனால் தங்கமுத்துவும் பிள்ளைகுட்டிக்காரன். அவன் குட்டிகள் என்ன பாவம் செய்தன? கிழக்குக்கு உள்ளதில் சரிபாதியைப் பிரித்தாள். நான்கு அன்னக்கூடைக்கும் ஒரே அளவாக ஊற்றி, முழங்கை வரைக்கும் விட்டுப் பிசைந்தாள். பீப்பாயில் குறைகிற எண்ணெய் என்னவோ அதே அளவுதான். ஒரு சொட்டு கூடவில்லை, ஒரு சொட்டுக் குறையவில்லை. அவளுக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

வீட்டில் சோலைமுத்துவிடம் சொன்னபோது அவன் இருமிக்கொண்டே சிரித்தான். "இது என்ன களவா? பாகம் பிரிச்சது. நல்ல காரியந்தேன் செஞ்ச" என்றான்.

மூன்றே நாளில் மேற்குக் குட்டிகள் தொட்டியை நக்க ஆரம்பித்தன. அவள் அன்னக்கூடையோடு வருகிற சத்தம் கேட்டதுமே சுவரில் காலை வைத்து எழுந்து நின்றன. ரோமத்தில் மினுமினுப்பு வந்தது. சண்முகவள்ளி ஒவ்வொன்றின் முதுகிலும் தண்ணீரை ஊற்றித் தேய்த்துவிடுவாள். "தின்னுங்கடா ராசா, தின்னுங்க. நம்ம மானத்தக் காப்பாத்துங்க" என்பாள். ஒன்பது வருஷத்தில் அவள் அந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்தது அந்த இரண்டரை மாதம்தான்.

தங்கமுத்து ஒருநாள் தீவனத்தைக் கையில் அள்ளிப் பார்த்தான். "என்னக்கா, முன்ன மாதிரி கொழகொழன்னு இல்லயே?"

"வெயிலு அப்பு. தவிடு பூராத்தயும் உறிஞ்சிக்கிருது" என்றாள். சொன்ன பிறகு மனசு கொஞ்சம் உறுத்தியது. அன்று மத்தியானம் தன் தூக்குச்சட்டியிலிருந்த கருவாட்டு வெஞ்சனத்தை அவனுக்கே முழுசாகக் கொடுத்துவிட்டாள்.

மெலிந்து கிடந்த குட்டி தீனி கண்டால் வேகமாக ஏறும்; ஒவ்வொரு எடையிலும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மணிமேகலைக்குக் குழப்பமாகிவிட்டது. பீப்பாயில் குச்சியை விட்டு அளந்து பார்த்தாள். கணக்கு சரியாக இருந்தது. தராசை மாற்றிப் பார்த்தாள். குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, எண்ணெ ஒழுங்கா ஊத்துறீங்கல்ல?"

"ஒரு சொட்டு சிந்தலம்மா. வேணும்னா பீப்பாயப் பாருங்க."

சொன்னதில் பொய் இல்லை. எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று சந்தேகப்படுகிறாள் போல என்று நினைத்துத்தான் அவள் அப்படிப் பதில் சொன்னாள். "எந்தக் கொட்டடிக்கு எவ்வளவு?" என்று மணிமேகலை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மறைத்திருக்கவும் மாட்டாள். கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் ஆறு மணிக்கு வந்து பக்கத்தில் நின்றிருந்தாலும் தெரிந்திருக்கும். திண்டுக்கல்லிலிருந்து ஸ்கூட்டரில் எத்தனை தூரம்? அந்தத் தூரம் அவளுக்குக் கடைசிவரைக்கும் தூரமாகவே இருந்தது.

தொண்ணூறாம் நாள் ஆனி மாதக் காற்று வீசிக்கொண்டிருந்தது. இருபத்துநாலு பன்றிகளையும் நிறுத்தார்கள். கிழக்கும் மேற்கும் ஒன்றுபோல. கூட்டிப் பார்த்தால் மேற்கு வரிசை ஒரு அரைக் கிலோ தூக்கலாகவே இருந்தது. சண்முகவள்ளிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பிராங்க்ளினைப் பார்த்தாள். இப்போது சொல்லு, யார் கைராசிக்காரி?

பிராங்க்ளின் அவளைப் பார்க்கவே இல்லை. மணிமேகலை ஒரு தவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. சண்முகவள்ளி ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "என்னம்மா ஆச்சு? எல்லாம் நல்லாத்தான வந்திருக்கு?" என்றாள். மணிமேகலை தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு லாப்டாப்பை மூடினாள்.

பத்து நாள் கழித்து ஆபீஸிலிருந்து முடிவு வந்தது. பிராங்க்ளின் இரண்டு பேரையும் கூப்பிட்டான். சண்முகவள்ளியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"எண்ணெ ஊத்துனதும் ஒன்னுதேன், ஊத்தாததும் ஒன்னுதேன்னு ரிப்போர்ட்டு வந்துருச்சு. இனிமே எண்ணெ கெடையாது. ஒரே தீவனம். மூட்டைய அவுத்தமா கொட்டுனமான்னு இருக்கணும். பெசையிற வேலையே இல்ல. அதுக்கு ரெண்டு ஆளு வேணாம்னுட்டாங்க."

"சரி சார்" என்றாள் சண்முகவள்ளி. அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை.

"மூட்ட தூக்கணும்லக்கா. அதான் தங்கமுத்துவ நெரந்தரம் பண்ணியிருக்கு. நீங்க இந்த மாசத்தோட நின்னுக்கங்க."

"சார், யாரு வரிசை நல்லா வளருதோ அவுகளுக்குன்னு சொன்னீங்களே? எடையப் பாருங்க, எம் பக்கம் அரக்கிலோ கூட."

பிராங்க்ளின் ஒரு கணம் புரியாமல் விழித்தான். பிறகு நினைவு வந்தது. "அட, அது தமாஷுக்குச் சொன்னதுக்கா. அதப் போயி..." என்று தலையைச் சொறிந்தான். "எண்ணெ இல்லாமயே ஒங்க பக்கம் நல்லா வளந்ததாலதான இம்புட்டும்?"

தங்கமுத்து கொட்டடிப் பக்கம் போய் நின்றுகொண்டான். பாவம், அவனும் என்ன செய்வான்? அவனுக்கும் கார்டு வேண்டித்தானே இருந்தது.

அன்று தராசை எடுத்துப் போக மணிமேகலை வந்திருந்தாள். ஸ்கூட்டரில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவளிடம் சண்முகவள்ளி போய் நின்றாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். நினைத்தபடி நடக்கவில்லை.

"அம்மா, ஒங்க ரிப்போர்ட்டு தப்பும்மா. எண்ணெ வேல செய்யாம இல்ல. நல்லா செஞ்சுச்சு. நாந்தேன் நாலு கொட்டடிக்கும் சமமாப் பிரிச்சு ஊத்துனேன்."

மணிமேகலையின் கையிலிருந்த கயிறு நழுவியது. "என்னக்கா சொல்றீங்க?"

"பதினஞ்சா நாளு எட போட்டீகள்ல, அதுக்கு மறுநாள்லருந்து. எம் பக்கத்துக் குட்டிகளும் வளரணும்னுதான்ம்மா. மெலிஞ்சு கெடந்தா எனக்குக் கார்டு இல்லன்னாக."

மணிமேகலை சுவரைப் பிடித்துக்கொண்டாள். கோபம் முகத்தில் ஏறியது. ஆனால் கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "அந்த வித்தியாசத்தக் காட்டத்தான்கா இம்புட்டும் செஞ்சேன். ஒங்க பக்கம் மெலிஞ்சுதான் இருக்கணும். எண்ணெத் தீவனம் ஜெயிச்சிருந்தா இங்கேயே பெசையிற ஷெட்டு போட்டிருப்பாங்க. ரெண்டு வகைத் தீவனம், ரெண்டு ஆளு. ரெண்டு பேரையும் நெரந்தரம் பண்ணச் சொல்லி நான்தான் எழுதிக் குடுத்தேன். ஒங்க பேரத்தான்கா மொதல்ல எழுதியிருந்தேன்."

சண்முகவள்ளி கேட்டுக்கொண்டே நின்றாள். காதில் விழுந்தது, மனசுக்குள் போக நேரம் எடுத்தது.

"அப்ப இப்பப் போயிச் சொல்லுங்கம்மா. நாந்தேன் செஞ்சேன்னு சொல்லுங்க. மறுக்காவும் தொண்ணூறு நாளு வளத்துப் பாப்பம். இந்தத் தடவ நீங்க சொல்றபடி அப்படியே செய்றேன். எங்க குலசாமி மேல சத்தியம்."

மணிமேகலை கயிற்றை எடுத்துத் தராசை இறுக்கிக் கட்டினாள். பிறகு, "தொண்ணூறு நாளும் என் எதிர்ல கலக்குனதா நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்கா" என்றாள். "இத நான் சொன்னா மொதல்ல என்னத்தான் வெளிய அனுப்புவாங்க. இத யார்ட்டயும் சொல்லாதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஸ்கூட்டர் போய்விட்டது. அவளுக்கும் ஒரு வேலை, அவளுக்கும் ஒரு பயம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே வரம் கொடுத்த சாமியே வாயைப் பொத்திக்கொண்டு ஓடியது.

சண்முகவள்ளி விடவில்லை. நேரே பிராங்க்ளினிடம் போய் முதலிலிருந்து கடைசிவரைக்கும் சொன்னாள். எத்தனை ஜக்கு, எந்தக் கூடைக்கு எவ்வளவு, எந்த நாளிலிருந்து என்று ஒன்று விடாமல் சொன்னாள். தப்புத்தான், திட்டுங்கள், போலீஸுக்குக்கூடச் சொல்லுங்கள், ஆனால் ஆபீஸுக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவன் பொறுமையாகவே கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"யக்கா, வேல போற வருத்தத்துல என்னத்தயாச்சும் பேசாதீங்க. பீப்பாக் கணக்கு சரியா இருக்கு. டாக்டரம்மா கையெழுத்து இருக்கு. படிச்சவுக அவுக கண்ணு முன்னால ஒங்களால மாத்தியிருக்க முடியுமாக்கும்? அம்புட்டு வெவரமா நீங்க?"

"சத்தியமா நாந்தேன் சார் செஞ்சேன்."

"சரி, செஞ்சீங்க. போயி மொகத்தக் கழுவிக்கங்க" என்றான், சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

அடப்பாவி! நம்பித் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்பது வருஷத்தில் அந்தப் பண்ணையில் தானாக யோசித்து அவள் செய்த காரியம் அது ஒன்றுதான். அதையும் நீ செய்திருக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவள் குளிக்கவில்லை. சேலை மாற்றவில்லை. கையில் தவிடு ஒட்டியிருக்க அப்படியே மூன்றரை மணி பஸ்ஸில் ஏறினாள். பக்கத்தில் வந்து உட்காரப்போன ஒரு பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். சண்முகவள்ளி அதைக் கவனிக்கவே இல்லை.

வீட்டு வாசலில் வேப்ப நிழலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தான் சோலைமுத்து. மடியில் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் அடுக்கி வைத்திருந்தான். இன்றைக்கு ஆபீஸ் முடிவு வருகிறது என்று அவனுக்குத் தெரியும். மதுரைக்குப் போகத் தயாராக உட்கார்ந்திருந்தான் மனுஷன்.

"என்னளா, கார்டு வந்துருச்சா?"

"வந்துருச்சு. தங்கமுத்துக்கு."

"ஒனக்கு?"

அவள் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். மணிமேகலை சொன்னதை அப்படியே சொன்னாள். ஷெட்டு, இரண்டு வகைத் தீவனம், இரண்டு ஆள், முதலில் எழுதிய பெயர், எல்லாவற்றையும் சொன்னாள். சோலைமுத்து கேட்டுக்கொண்டிருந்தான். இருமல் வந்தபோதும் அடக்கிக்கொண்டான். எல்லாம் முடிந்த பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்ப, நீ அந்த எண்ணெயில கைய வைக்காம இருந்திருந்தா?"

"ரெண்டு பேருக்கும் கெடச்சிருக்கும்."

அவன் பையிலிருந்து உறிஞ்சுகிற மருந்தை எடுத்தான். குலுக்கிப் பார்த்தான். வாயில் வைக்காமலே திரும்பப் பைக்குள் போட்டான்.

"நல்ல காரியம்னு நான்தானடி சொன்னேன்" என்றான்.